எட்டாவது மாடியில் யார்?

அடுக்கி வைத்திருந்த வெற்று அட்டைகளில் மேலே கிடந்ததன் வலது மூலை ஈரமாக இருந்தது. ஒரு சொட்டு என்று சொல்ல முடியாது. விரல் நுனியை நாக்கில் தொட்டு அட்டையை நகர்த்தினால் படியுமே, அந்த அளவு. அதுவும் ஒரு சின்ன விரலின் அளவு. லிஃப்ட் மெக்கானிக் அதைக் கட்டைவிரலால் துடைத்தான். ஜன்னலைப் பார்த்தான், மூடியிருந்தது. மேஜைமேல் தண்ணீர் டம்ளர்கூட இல்லை. மழைக்காலத்தில் காகிதம் ஈரம் இழுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்த அட்டையை அடுக்கின் அடியில் செருகிவிட்டுப் பென்சிலை எடுத்தான். அன்றைக்கும் ஒரு வரிகூட வரவில்லை.

அவனும் எட்டு வயது மகளும் சேர்ந்து ஒரு பலகை விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று. அதில் லிஃப்ட் எப்போதும் ரிப்பேர். "அப்பா கட்டடத்துல மட்டும் லிஃப்ட் ஓடாது" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பகடையை உருட்டி மாடி மாடியாக ஏறி மொட்டை மாடிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் குடியிருக்கிறார். மாடிக்கு ஆறு அட்டைகள்; ஒன்றை எடுத்தால் அவர் என்ன வம்பு செய்கிறார் என்று தெரியும். இரண்டாம் மாடியில் பொய் சொன்னால் தும்முகிற வாத்தியார். ஐந்தில் தன் நிழலுக்குச் சாப்பாடு ஊட்டுகிற அத்தை. ஏழில் படிக்கட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிற தாத்தா. அவன் எழுதுவான், அவள் வண்ணம் தீட்டுவாள். அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: "இதுல யாரும் சாகக் கூடாதுப்பா." ஒவ்வொரு அட்டையைப் படித்து முடித்ததும் தாடையை மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்பாள், "அப்புறம்?"

ஏழாவது மாடி முடிந்த அன்று அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. படுக்கையிலிருந்து கேட்டாள்: "எட்டாவது மாடியில யாருப்பா இருக்காங்க?"

"நாளைக்குச் சொல்றேன். இப்போ தூங்கு கண்ணு."

உண்மையில் அவனுக்கே தெரியாது. அதற்குள் யோசித்துவிடலாம் என்றுதான் நினைத்தான். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவனும் மனைவியும் அவள் இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள். மனைவி அந்த விளையாட்டுப் பெட்டியை அலமாரியின் உச்சியில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். போன மாதம்தான் அவன் அதை இறக்கினான். மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. எட்டு மணிக்குத்தான் வருவாள். ஐந்தரைக்கு வருகிற அவன் கை கால் கழுவிவிட்டு மேஜைமுன் உட்கார்ந்து, "எட்டாவது மாடி" என்று தலைப்பு எழுதுவான், அழிப்பான், மறுபடி எழுதுவான். அட்டை தேய்ந்து பஞ்சாகிவிடும். ஏழு மணிக்கு எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு, ஒன்றும் நடக்காததுபோலச் சாதம் வைப்பான்.

அவனோடு வேலை செய்கிற, எல்லோரும் ஸ்பேனர் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவனுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. ஞாயிறு தவறாமல் நாலு பேரைக் கூட்டிவைத்துத் தானே செய்த விளையாட்டை ஆடவிட்டு உயிரை வாங்குகிறவன். ஒரு பழைய கட்டடத்தின் மோட்டார் அறையில், எண்ணெய்ப் புகைக்கு நடுவே, அவனிடம் மட்டும் மெக்கானிக் விஷயத்தைச் சொன்னான்.

"நல்லா எழுதணும்னு உக்காந்தா வராது. நானே ஆறு மாசம் முழிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றான் ஸ்பேனர். "பத்து நிமிஷம் அலாரம் வை. குப்பையா எழுது. வேணும்னே குப்பையா எழுது."

"அப்புறம்?" என்று கேட்டுவிட்டு, தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஸ்பேனர் அதைக் கவனிக்காததுபோலத் துணியால் கையைத் துடைத்தான். "அப்புறம் சத்தமாப் படி. யாருமே இல்லன்னாலும் பரவாயில்ல. யாரோ கேக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டுப் படி."

அன்று மாலையே அலாரம் வைத்தான். வெளியே மழை பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் சுவருக்கு அந்தப்பக்கம் தடதடத்துக்கொண்டிருந்தது. குழல் விளக்கின் ஒரு முனை கறுத்துத் துடித்தது. கை போன போக்கில் எழுதினான். எட்டாவது மாடியில் செருப்பைத் தொலைத்தவர் குடியிருக்கிறார். உன் செருப்பை அவர் தன்னுடையது என்கிறார். சண்டை போடாதே. கழற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு கட்டம் பின்னால் போ. படுமோசம். அலாரம் அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வெறும் அறையில், வெட்கத்தோடு அதைச் சத்தமாகப் படித்தான்.

வாஷிங் மெஷின் நின்றது. அந்த அமைதியில், மேஜைக்கு அடியிலிருந்து, மிக மெல்ல வந்தது.

"அப்புறம்?"

அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று உடம்பின் ஒவ்வொரு எலும்புக்கும் தெரிந்தது. கண்ணீர் மூக்கின் ஓரமாக இறங்கி அட்டைமேல் விழ, அடுத்த அட்டையை எடுத்தான். எழுதினான். படித்தான். மறுபடி கேட்டது. ஏழு மணிக்குள் எட்டாவது மாடியின் ஆறு அட்டைகளும் முடிந்துவிட்டன.

அதன் பிறகு எழுத்து அணை உடைந்ததுபோல வந்தது. ஒன்பதாம் மாடி, பத்தாம் மாடி. வேலையில் விசிலடித்தான். ஸ்பேனர், "நான் சொல்லல?" என்று முதுகில் தட்டினான். ஒரு நாள் சற்று முன்னதாக வந்துவிட்ட மனைவி வாசலிலேயே நின்று கேட்டாள்: "யார்கிட்டங்க பேசிட்டு இருந்தீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. வேலை விஷயம். மனப்பாடம் பண்ணிட்டு இருந்தேன்."

அவள் மேஜையைப் பார்த்தாள். பெட்டியை அடையாளம் கண்டுகொண்டாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவன் காது பழகிய காது. ஓடுகிற லிஃப்டில் நின்றபடியே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது. பதினோராம் மாடியை எழுதும்போது, அந்தக் காது அவனுக்கு வேண்டாத ஒன்றைச் சொன்னது. குரல் மூச்சு இழுக்கவில்லை. பேசுவதற்கு முன்னால் எந்தக் குழந்தையும் ஒரு சின்ன மூச்சு இழுக்கும். இது இழுக்கவில்லை. சொல் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிந்தது, லிஃப்டில் மாடி எண்ணை அறிவிக்கிற பதிவுக் குரல்போல.

"அப்பான்னு ஒரு தடவை கூப்பிடு கண்ணு" என்றான்.

மேஜை விளிம்பில் காதை வைத்தான்.

"அப்பான்னு சொல்லு. ஒரே ஒரு தடவை."

"அப்புறம்?"

தவிர, வேடிக்கையாக எழுதினால் இப்போது பதிலே வருவதில்லை. சோதித்துப் பார்க்க ஒரு அட்டை எழுதினான். பதினோராம் மாடிச் சிறுவன் லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்க்கிறான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் மூடுகிறது. எழுதவே கை கூசியது. படித்து முடிக்கவில்லை, அதற்குள் வந்துவிட்டது. அவசரமாக. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து.

"அப்புறம்?" "அப்புறம்?"

யாரும் சாகக் கூடாது என்று சட்டம் போட்டவள் அவள்.

பன்னிரண்டாம் மாடியை இரண்டே நாளில் முடித்தான். கடைசி அட்டை: நீ மொட்டை மாடிக்கு வந்துவிட்டாய். காற்று நன்றாக இருக்கிறது. வீட்டுக்குப் போகலாம். படித்தான். பெட்டியை மூடினான். "அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு" என்றான். மூடியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. ஏனென்று அவனுக்கே தெரியவில்லை. பயமா, இரண்டாம் முறை அவளை அனுப்பிவைக்கிற வேதனையா.

சுவருக்குள் ஏதோ நகர்ந்தது.

"அப்புறம்?"

பதிமூன்றாம் மாடி எழுதினான். பதினான்கு. பதினைந்து.

சனிக்கிழமை வேலை முடிந்து அவன் வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, நனைந்த சாலையில் பேருந்துகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதாமல் இருந்தால் நின்றுவிடும். ஒரு நாள். இரண்டு நாள். பட்டினி போட்டால் எதுவும் போய்விடும். ஆறரை மணிக்குத்தான் நினைவு வந்தது: இன்றைக்குத் துணிக்கடை லீவு. மனைவி காலையிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள்.

ஓடினான்.

கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே மனைவியின் சிரிப்பு கேட்டது. பதினான்கு மாதங்களாக அவன் கேட்காத சிரிப்பு.

அவள் மேஜைமுன் உட்கார்ந்திருந்தாள். கையில் கத்தரிக்கோல். சுற்றிலும் அட்டைகள். வெற்று அட்டைகள் தீர்ந்துபோய், காலண்டரின் பின்பக்கம், புடவைப் பெட்டி, மகளின் நோட்டுப் புத்தக அட்டை, எல்லாவற்றையும் நறுக்கியிருந்தாள். விரல்களில் கொப்புளம்.

"எங்க போயிட்டீங்க?" என்றாள். முகம் முழுக்க வெளிச்சம். "மத்தியானத்துலருந்து கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்கு உங்களை மாதிரி எழுத வரல. ஆனா கேக்கறா. ஏங்க எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"எழுந்திரு. வா, வெளியில போகலாம்."

"இருபத்தி ரெண்டாவது மாடி ஆரம்பிச்சிருக்கேன். உக்காருங்க."

"சொன்னா கேளு."

"உக்காருங்க!" என்றாள். பிறகு, தாழ்ந்த குரலில், கெஞ்சி, "நான் நிறுத்தினா அவ போயிடுவா."

அவன் உட்கார்ந்தான். அவள் பென்சிலை நீட்டினாள். அவன் விரல்கள் மரத்திருந்தன. பென்சில் நழுவியது. உருண்டது. மேஜைக்கு அடியில் போய் நின்றது.

இத்தனை நாளும் குனியாதவன் குனிந்தான்.

மனைவியின் பாதங்கள். தன் பாதங்கள், ஈர ஷூக்களோடு. அவற்றுக்கு நடுவே சின்னப் பாதங்கள். வெறும் பாதங்கள். மண் ஒட்டியவை. நகம் நீண்டவை. ஒரு ஜோடி அல்ல. நெருக்கியடித்து நின்றன. கணுக்காலுக்கு மேலே இருட்டு. எல்லாம் அவர்கள் இருவரையும் நோக்கித் திரும்பியிருந்தன.

மகளின் இடது பாதத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு உண்டு, அரை நிலா வடிவத்தில். பத்து நாள் அவன்தான் மருந்து போட்டான். ஊதி ஊதிப் போட்டான்.

தேடினான். ஒவ்வொரு இடது பாதமாக. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. பின்வரிசை. அதற்கும் பின்னால்.

இல்லை.

அவள் இல்லை. அவள் வரவே இல்லை.

பென்சிலை எடுத்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தான். மனைவி கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா? எனக்குக் குனியப் பயமா இருந்துச்சு. எப்படி இருக்கா?"

அவன் பென்சிலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான்.

"நல்லா இருக்கா" என்றான்.

அவள் அழுதுகொண்டே சிரித்து, நறுக்கிய அட்டை ஒன்றை அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதன் தலையில் மாடி எண்ணை எழுதினான். முழங்காலில் ஒரு சிறு கை வந்து அமர்ந்தது. ஈரம். சில்லிப்பு. பிறகு இன்னொரு கை. பிறகு இன்னொன்று.