பத்தடிக்குள்

சேந்தன் இறந்து நூற்று நாற்பத்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, மேசையில் கிடந்த அவனுடைய சைக்கிள் மீட்டர் தானாக விழித்து நான்கு என்று காட்டியது.

மணிக்கு நான்கு கிலோமீட்டர். சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு நடக்கும் வேகம்.

அவன் தங்கை கேசினி முன்னறையில் தனியாக நின்றாள். நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய மூடுபனி பின்னேரமே ஜன்னலை அடைத்திருந்தது. தேயிலை ஆலையில் கொழுந்து வாடும் வாசமும், தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீரும், உள்ளறையில் அம்மாவின் இருமலும் ஒன்றன்மேல் ஒன்றாக வீட்டுக்குள் படிந்துகொண்டிருந்தன. அண்ணாவின் சைக்கிள் பசறை வீதியோரப் பள்ளத்தில், யாரும் இறங்க முடியாத ஆழத்தில் கிடந்தது. வீதியில் அவன் உடலருகே தெறித்து விழுந்த மீட்டர் மட்டும் வீடு வந்திருந்தது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. விபத்து நடந்த அன்று நெஞ்சுவலியோடு பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். அதிர்ச்சி தாங்கமாட்டார் என்றார் டாக்டர். அண்ணா கொழும்பில் ட்ரெயினிங்கில் என்று கேசினிதான் சொன்னாள்.

மீட்டரை விற்ற சைக்கிள் கடை ஹுமைத்துக்கு அழைத்தாள்.

"நானா, அண்ணாவின்ர மீட்டர் ஓடுது. பக்கத்தில ஆரும் இதே செட் வச்சிருக்கினமோ?"

"இருக்காது தங்கச்சி. பதுளையில அத வாங்கின ஒரே பைத்தியம் உங்கட அண்ணன்தான்." சிரித்துவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "முன்சக்கரத்துக்குப் பக்கத்துல பூட்டின சென்சருக்கு ஒரு நம்பர் இருக்கு. ஒருக்கா ஜோடி சேத்தா மீட்டர் அதத் தவிர வேற ஒண்ணையும் கேக்காது. அதுவும் சக்கரம் சுத்தணும். பத்தடிக்குள்ள இருக்கணும்."

"அது பள்ளத்திலயெல்லோ கிடக்குது."

"பட்டன அமத்திப் பிடிங்க. பழைய நம்பர் அழிஞ்சிரும். கிட்ட சென்சர் இல்லாட்டி சும்மா தேடிட்டு அணைஞ்சிரும்."

அமத்திப் பிடித்தாள். திரை வெறுமையானது. ஒரு சின்னக் கோடு சுற்றிச் சுற்றித் தேடியது. கேசினி பௌதிகம் படித்தவள். சக்கரக் கம்பியிலுள்ள காந்தம் கடந்தால்தான் சென்சர் துடிப்பு அனுப்பும். நின்ற சக்கரம் எதையும் அனுப்பாது.

கோடு நின்றது.

ஜோடி சேர்ந்துவிட்டது.

வேகம் மூன்று.

இரண்டு.

மேசையிலிருந்து முன்கதவு ஆறடி.

அப்போதுதான் சத்தம். டிக். டிக். டிக். வளைந்த சக்கரம் எதிலோ உரசியது. ஈர மண் வாசம்.

உள்ளே கட்டில் முனகியது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சேந்தன் வந்திட்டான் பிள்ளை. சைக்கிள் சத்தம் கேக்குது."

"அது காத்து. போய்ப் படுங்கோ அம்மா."

"காத்துச் சத்தம் எனக்குத் தெரியாதே? தள்ளு. நனைஞ்சுபோய் நிப்பான்."

அம்மாவின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. கேசினி மணிக்கட்டைப் பிடித்தாள். விரலுக்கடியில் நாடி தாறுமாறாக ஓடியது. சொன்னால் இந்த நாடி நின்றுவிடலாம். சொல்லாவிட்டால் கதவு திறக்கும்.

தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது.

"திறக்காதேங்கோ அம்மா. அண்ணா செத்துப்போனார். எரிச்சும் முடிச்சிட்டம்."

வெளியே சக்கரம் நின்றது.

அம்மா அழவில்லை. காதைக் கதவோடு வைத்து அசையாமல் நின்றார்.

அழுகை வெளியிலிருந்து வந்தது. செய்தியை முதன்முதலாகக் கேட்பவனின் அழுகை.