செதில் உரசும் சத்தம்

வீட்டில் மீன் இல்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் போய் இரண்டு நாளாகிறது, கீழ்வீட்டு அடுப்பு தண்ணீருக்கடியில் எங்கோ கிடக்கிறது. ஆனாலும் மாடியில், பக்கத்து அறையில், யாரோ மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார்கள். சர்க். சர்க். கொஞ்சம் நிறுத்தம். பிறகு மறுபடி, வாலிலிருந்து தலைக்கு, அவசரமே இல்லாமல்.

கிளைட்டன் காதை மழையின் பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டிலில் ஜெனிஸ் கண்ணை மூடிக் கிடந்தாள். அவளுக்குப் பக்கத்தில், அவனுடைய பழைய லுங்கிக்குள், விடியற்காலையில் பிறந்த அவர்கள் மகள். இன்னும் பெயர் வைக்கவில்லை. எதிர்வீட்டு நர்ஸ் ஜெபசுதா அக்கா, லாரி டியூபைக் கட்டிப்பிடித்துத் தெருவைக் கடந்து வந்து பிரசவம் பார்த்தவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அறையில் வேறு மூன்று பேரும் இருந்தார்கள். கீழே தண்ணீர் ஏறியபோது ஜெனிஸின் அம்மா விஜிலா அத்தை காப்பாற்றி எடுத்து வந்தவை மாதா சொரூபம், அரிசி டப்பா, பிறகு அவளுடைய அண்ணன் தம்பி மூன்று பேரின் படங்கள். வைக்க இடமில்லாமல் படங்களைக் கட்டிலுக்கு எதிரே வரிசையாகச் சாத்தியிருந்தாள். பிரசவம் முழுவதையும் மூன்று ஆண்களும் கண் சிமிட்டாமல் பார்த்தார்கள். நடுவில் இருப்பவர் பர்னபாஸ், கிளைட்டனின் அப்பா. மூவருமே ஐம்பதைத் தொடவில்லை. மூவருக்கும் ஈரலில் புற்று. கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் பானையாகி, கண் மஞ்சளாகிப் போனார்கள். மூவரும் சாராயத்தை முகர்ந்துகூடப் பார்க்காதவர்கள். பர்னபாஸ் பங்குக் கோயிலின் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செயலாளர். அடக்கத்துக்கு வந்த ஊர், சங்கத்தின் மலர்வளையத்தையும் வைத்துவிட்டு, "குடிச்சே கெட்டாம்பா" என்று பேசிக்கொண்டு போனது. பாட்டில் இல்லாமல் ஈரல் கெடும் என்பதை நம்ப ஊரில் ஆள் கிடையாது.

ஏழாம் மாதத்தில்தான் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஜெனிஸின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது. பெரும்பாலும் அவள் அம்மாவிடமிருந்து, பிறக்கும்போதே வந்திருக்கும். கிருமி இருந்தாலே ஈரல் புற்றுக்கு வழி திறந்துதான் இருக்கும். வீட்டில் அதே நோயில் செத்தவர்களின் ரத்தமும் சேர்ந்தால் அந்த வழி இன்னும் அகலம்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"அத்தை மக டாக்டர்," என்றான் கிளைட்டன், கொஞ்சம் பெருமையாக.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கிளைட்டனுக்குக் கிருமி இல்லை. ரத்தம் மட்டும் அதே ரத்தம். பிள்ளைக்கு அது இரண்டு பக்கமிருந்தும் வரும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கிருமியைத் தடுக்கலாம். பிறந்ததும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தொடையில் இரண்டு ஊசி. ஒரு நாளைத் தாண்டவே கூடாது.

"பெரியவங்களுக்கு ஒட்டினா பெரும்பாலும் உடம்பே விரட்டிரும். பச்சைப்பிள்ளைக்கு ஒட்டினா போகாது. கூடவே வளரும்."

காலையில் மீனவர் பகுதியான திரேஸ்புரத்திலிருந்து, கிளைட்டனின் மீன் தொழில் கூட்டாளி ரோச், வள்ளத்தைத் தெருவுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தான். ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவனை, கிளைட்டன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் சொல்லி ஊசி மருந்து வாங்கிவரச் சொன்னான். வள்ளம் திரும்பும்போதுதான் மருந்து சூடாகக் கூடாது என்பது ஞாபகம் வந்தது.

"ஏலே ரோச்சு! நல்லா ஐஸ் போட்டுக் கொண்டாடே!"

ரோச் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். மத்தியானம் தாண்டிவிட்டது. வானம் அடுப்புக்கரி நிறத்தில் கவிழ்ந்து கிடந்தது. மாடிப்படியில் தண்ணீர் இன்னொரு படியை எடுத்துக்கொண்டது.

சர்க். சர்க்.

அத்தையின் அறைக் கதவு ஈரத்தில் ஊதி நிலையோடு இறுகியிருந்தது. தோளால் தள்ளினான். முதலில் வாடை வந்தது. அழுகிய பழக்கூடையில் யாரோ பழைய மீனை வைத்து மூடியது போல, தித்திப்பும் கவிச்சியுமாக, தொண்டை வரைக்கும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் வாடை. அப்பாவின் கடைசி வாரத்தில் இந்த வாடை அவர் தலையணையில் இருந்தது. தலையணையை எரித்த பிறகும் வீட்டில் இருந்தது.

விஜிலா அத்தை தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் சீப்பு. தலை வாரவில்லை. முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும், தோலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பின் பல்லில் வெள்ளையாகத் துகள். அடியில் சிவப்பு.

"அத்தை, என்ன செய்யுதீய?"

"கொசுலா மக்கா. இந்தத் தண்ணிக்கு ஊருப்பட்ட கொசு."

"கண்ணு மஞ்சளா இருக்கு."

"மழை வெளிச்சம் அப்படித்தாம்ல காட்டும். கீழாநெல்லி அரைச்சி மோருல குடிச்சிட்டுத்தான் வாரேன். உப்புகூடச் சேக்கல. உங்கப்பன் மாதிரி பத்தியம் முறிக்கிற ஆளா நான்?"

"அப்பா பத்தியம் முறிக்கல."

சீப்பை மற்ற காலுக்கு மாற்றினாள்.

"அவகிட்டச் சொல்லிராத, என்ன. பெத்த உடம்பு, பயந்துருவா."

சுவரைப் பிடித்து எழுந்தாள். சேலை நழுவியது. கிளைட்டன் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். நேற்று வரைக்கும் ஜெனிஸுக்கு இருந்த வயிறு அத்தைக்கு இருந்தது. உருண்டு, இறுகி, தொப்புள் வெளியே தள்ளி, நீல நரம்புகள் அதைச் சுற்றிக் கிளைவிட்டு. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இரண்டு வயிறு வளர்ந்திருக்கிறது. ஒன்றுக்குத்தான் வளைகாப்பு போட்டார்கள்.

அவன் பின்னால் நகர்ந்தான். கதவைச் சாத்தினான். இறுகவில்லை. மறுபடி சாத்தினான்.

கட்டிலருகே வந்து நின்றான். எதிரே மூன்று படங்கள். பக்கத்து அறையில் நான்காவது ஆள். கட்டிலில் ஐந்தாவது. அவள் தூக்கத்தில் முனகினாள். லுங்கிக்குள் ஆறாவது. இல்லை. அதற்கு நேரம் இருக்கிறது. ஊசி வரும். ஊசி வந்தால் அது மட்டும் இந்த வரிசையில் இல்லை.

சத்தம் கிட்டத்தில் கேட்டது. ரொம்பக் கிட்டத்தில்.

குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கை அவனுடைய இடது முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது.

கொசு. கொசுதான்.

கையை எடுத்தான். ஜன்னலுக்குப் போனான். கம்பி. கம்பிக்கு வெளியே தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து போனது. திரும்பினான். ஆறு எட்டு எடுத்து வைத்தால் சுவர். வாடை இந்த அறைக்கும் வந்துவிட்டது. அல்லது முதலிலேயே இருந்ததா?

எஞ்சின் சத்தம்.

"அக்கா! எந்திரிங்க! ரோச்சு வந்துட்டான்!"

வள்ளம் ஜன்னலுக்கு நேர் கீழே முட்டி நின்றது. ரோச் தொப்பலாக நனைந்திருந்தான். முகமெல்லாம் பல்.

"மாப்ள, ஆஸ்பத்திரிலயும் கரண்ட் இல்ல, ஃப்ரிட்ஜு போச்சு. இருந்த கடைசி ரெண்டு குப்பி. சண்டை போட்டு வாங்கியாந்திருக்கேன்."

கிளைட்டனுக்கு அழுகை வந்தது. கம்பி வழியாகக் கையை நீட்டினான்.

"அவங்க பொடிசா ஒரு டப்பாவுல குடுத்தாங்கடே, அதுல ஜில்லுனு ரெண்டு பொட்டலம். சிரிப்பாணியா இருந்துச்சு. நாம எத்தனை சீலா மீனை ஐஸுல பொத்தி அனுப்பியிருக்கோம்! தூக்கிப் போட்டுட்டு நம்ம பெட்டிக்கு மாத்திட்டேன். ஐஸு, கல்லுப்பு, ஐஸு, கல்லுப்பு. நடுவுல புதைச்சி வச்சிருக்கேன். ஒரு வாரமானாலும் கெடாது."

ஐஸில் உப்பு போட்டால் இன்னும் குளிரும். திரேஸ்புரத்தில் எல்லோருக்கும் தெரியும். கிளைட்டனுக்கும் தெரியும்.

ரோச் ஐஸைத் தோண்டி, இரண்டு குப்பிகளை எடுத்து நீட்டினான். கிளைட்டனின் விரல்கள் அவற்றில் ஒட்டிக்கொண்டன. ஜெபசுதா அக்கா வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே வெள்ளையாக ஏதோ. தலைகீழாகக் கவிழ்த்தாள். அசையவில்லை. குலுக்கினாள். அசையவில்லை. நகத்தால் தட்டினாள். கல்லைத் தட்டிய சத்தம்.

"உறையக் கூடாது," என்றாள். "உறைஞ்சா மருந்து செத்துரும். உருக்கினாலும் வெறும் தண்ணி."

"என்னது?" கீழேயிருந்து ரோச் கேட்டான். "இன்னும் ஐஸு வேணுமா?"

அவன் எஞ்சினைத் தட்டிப் பார்த்தான். அது இருமிவிட்டு நின்றது. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சத்தமாகச் சொன்னான்.

பின்னால் ஜெனிஸ் விழித்துக்கொண்டாள். குப்பியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வந்துட்டா அத்தான்? சீக்கிரம் போடுங்கக்கா."

லுங்கியை விலக்கினாள். மூன்று விரல் தடிமன்தான் இருக்கும் அந்தத் தொடையைத் துடைத்தாள். இரண்டு கையாலும் இறுக்கி, ஊசிக்கு வாகாக அக்காவை நோக்கி நீட்டினாள். சிரித்துக்கொண்டே.

நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.