கேட்டு எழுதுபவள்

பன்னிரண்டாவது கேசட்டில்தான் நாகவல்லி முதன்முதலாக அதைக் கேட்டாள்.

"சார், மூலைல ஒரு பொம்பள குந்திகினு கீது சார். காதுல கருப்பா இன்னாத்தையோ மாட்டிகினு கீது."

"யாரும் இல்லப்பா. படு," என்றது டாக்டரின் அலுத்த குரல்.

குடியை நிறுத்திய மூன்றாம் நாள் நோயாளிகளின் கண்ணுக்கு என்னென்னவோ தெரியும். அதைப் பதிவு செய்ய டாக்டர்கள் அந்தக் காலத்தில் நடத்திய ஆராய்ச்சியின் கேசட்டுகள் இவை. ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு, கேட்டதை அப்படியே தட்டச்சு செய்தாள்.

வேலப்பன்சாவடியில் எப்போதோ மூடப்பட்ட குடிநோய் சிகிச்சை மையம் அது. கட்டடத்தை இடிப்பதற்குள் அதன் நூலகத்திலிருந்த காகிதங்கள், கேசட்டுகள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும். பழைய வார்டுதான் இப்போது தட்டச்சு செய்பவர்களின் அறை; அவள் மேசை ஒரு மூலையில். மழை நாள் மத்தியானங்களில் பூசணம் பிடித்த காகிதத்தின் வாசனைக்கு அடியிலிருந்து டெட்டால் நெடியும், யாருடையதோ வியர்வை நெடியும் மெதுவாக மேலே வந்தன.

அவள் இந்த வேலையைக் கேட்டு வாங்கியதே நாற்பத்தேழாம் கேசட்டுக்காக. அதன் மேல் 'துலுக்கானம்' என்று அவளுடைய அப்பாவின் பெயர் இருந்தது. அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது இங்கே சேர்ந்தவர், மூன்றாம் நாள் வார்டிலிருந்து ஓடிப்போய் லாரியில் அடிபட்டு இறந்தார். சாராயத்துக்குத்தான் ஓடினான் என்றார்கள். அப்படியில்லை என்று அம்மாவிடம் சொல்ல அவளுக்கு ஒரு வரி கிடைத்தால் போதும். ஆனால் கேசட்டுகளை வரிசைப்படிதான் எடுக்க வேண்டும்.

முப்பத்தொன்றில் வேறொரு நோயாளி சொன்னான்: "அது இன்னாத்தையோ தட்டிகினே கீது சார். நான் பேசினா தட்டுது. நிறுத்துனா நிறுத்துது."

அவள் விரல்கள் நின்றன.

"இன்னாக்கா, பேயறஞ்ச மாதிரி கீற?" என்றான் உடன் வேலை செய்யும் செல்வகுமார். "குடிகாரனுங்க உன்னையும் கூட்டு சேத்துக்கினானுங்களா?"

"எல்லாருக்கும் ஒரே பொம்பளையா தெரியும்?"

"ஒரே வார்டுக்கா. ஒருத்தன் உளறுனா பக்கத்து பெட்டுக்காரனும் அதையேதான் உளறுவான். நீ டீக்கு வா."

அவள் போகவில்லை.

நாற்பத்தேழு. இரைச்சல். இருமல். பிறகு, முப்பது வருடங்களுக்கு மேல் அவள் கேட்டிராத குரல்.

"வூட்ல நாலு வயசுப் பொண்ணு கீது சார். அதுக்காவ வுட்டுட்டேன். இனிமே தொட மாட்டேன்."

கிடைத்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கேட்கும் ஆசையில் நாடாவை ஓடவிட்டாள்.

கட்டில் கிரீச்சிட்டது.

"சார்... யாரு சார் அது?"

அவள் விசைகளிலிருந்து கையை எடுத்தாள். மூச்சை அடக்கினாள்.

"அழுவுது சார். என்னையே பாத்துகினு அழுவுது. போவச் சொல்லு சார்!"

கன்னத்தைத் தொட்டாள். ஈரம்.

"நைனா," என்றாள். வாய்க்குள்தான்.

நாடாவில் ஓர் அலறல். நாற்காலி விழுந்தது. "பிடி! பிடி அவனை!" வெறுங்கால்கள் தரையில் அறைந்து ஓடின.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நாடா நின்றது.

கால்கள் நிற்கவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். ஓட்டம் தாழ்வாரத்தில் கேட்டது. வாசற்படியில் நின்றது.

நிமிர்ந்தாள்.

ஆஸ்பத்திரிச் சட்டை. கைகள் கதவு நிலையைப் பிடித்திருந்தன. அவளைவிடப் பத்து வயதாவது சின்னவர். கண்கள் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை. அத்தனை பயத்தை அவள் எந்த முகத்திலும் கண்டதில்லை.

போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அவர் ஓரடி பின்வாங்கினார், சாலையின் பக்கமாக.