கொடுக்கு வளைவில் இருநூறு மீட்டர்

செம்பாடி நகரின் போக்குவரத்து அலுவலகத்தில் அன்று ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் முப்பத்தொன்பது பேர் பிறந்ததிலிருந்து ஒரு வண்டியைக்கூட ஓட்டியதில்லை. அங்கே அது ஒரு விஷயமே இல்லை. செவ்வாய்க் கோளில், கண்ணாடிக் கவிகைக்குள் அடைந்து கிடக்கும் ஊர் அது. எல்லாரும் தண்டவாளப் பெட்டியில்தான் போய்வந்தார்கள். உரிமம் என்பது கல்யாணப் பேச்சில் சொல்லிக்கொள்ளவும் வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கவும் இருந்தது. நாற்பதாவது ஆளான பூங்காவனத்தால்தான் எல்லாருக்கும் சங்கடம். அவள் இருபத்திரண்டு வருஷமாக நிஜமாகவே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கவிகைக்கு வெளியே, வடக்கே எண்பது கிலோமீட்டர் போய்ப் பனிக்கட்டி வெட்டி ஏற்றிவரும் பன்னிரண்டு சக்கரப் பனிவண்டி அவளுடையது. ஊரின் குடிநீர் அதுதான். மொத்தம் மூன்று வண்டிகள் இருந்தன. மற்ற இரண்டின் ஓட்டுநர்களும் போன மாதம் தேர்வில் தோற்று வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவனமும் ஒருமுறை தோற்றுவிட்டாள். மூன்றாவது முறை தோற்றால் வண்டியை நகர வாரியம் பிடுங்கி, முதல் வகுப்பு உரிமம் வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடும். அந்த வண்டி இல்லாமல் அவளுக்குப் பிழைப்பும் இல்லை, பொழுதும் இல்லை.

தேர்வு என்றால் 'செம்புழுதி' என்ற பந்தய விளையாட்டு. பூமியில் ஒரு கம்பெனி செய்தது. குறை சொல்லக்கூடாது, முதல் பதிப்பை ஒழுங்காகத்தான் செய்தார்கள். செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். வண்டியின் எடை குறைகிறது, அதனால் சக்கரம் மண்ணைக் கவ்வும் பிடியும் குறைகிறது. ஆனால் வண்டியின் நிறை, அதாவது ஓடுகிற வண்டியின் பிடிவாதம், துளியும் குறைவதில்லை. ஆகவே பிரேக் போட்டால் பூமியில் நிற்பதைவிட இரண்டரை மடங்கு தள்ளிப்போய்த்தான் நிற்கும். அதுவும் புழுதி என்றால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் கணக்காக விளையாட்டில் வைத்தார்கள்.

பூமியில் சோபாவில் சாய்ந்து விளையாடியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் ஓட்டுவது போலிருக்கிறது, கொஞ்சமும் நிஜமாக இல்லை என்று கழுவி ஊற்றினார்கள். கம்பெனி பிடியைக் கூட்டியது. இன்னும் கொஞ்சம் கூட்டியது. அசல் செவ்வாய் இதுதான் என்று எல்லாரும் ஒருவாயாகச் சொன்னபோது, செவ்வாய் மண் புதிதாகப் போட்ட தார்ச்சாலை மாதிரி ஆகியிருந்தது. மெய்ம்மை தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று சான்றிதழும் வந்தது. அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் செம்பாடி வாரியம் அதை ஓட்டுநர் தேர்வாக ஏற்றுக்கொண்டது. வாரியத்தில் யாரும் வெளியே போய்ப் பார்த்ததில்லை. வெளியே குளிர் அதிகம்.

பூங்காவனம் ஓட்டுபீடத்தில் ஏறி உட்கார்ந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். பாதை, வெளியே அவள் வழக்கமாகப் போகும் அதே பாதை. கொடுக்கு வளைவு நெருங்கியது. தேள்கொடுக்கு மாதிரி சட்டென்று மடங்கும் சரிவு அது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் நூறடிப் பள்ளம். இருநூறு மீட்டர் இருக்கும்போதே அவள் கால் பிரேக்கில் இறங்கியது. விளையாட்டு வண்டி அந்த இடத்திலேயே பொத்தென்று நின்றது. பின்னால் வந்த விளையாட்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். திரையில் 'தாமதம், தோல்வி' என்று வந்தது.

தேர்வு அதிகாரி இன்பசேகரன் இருபத்தெட்டு வயதுக்காரன். கெட்டவனில்லை. மூன்று வருஷமாக நகரத்தின் 'செம்புழுதி' சாம்பியன் அவன்தான்.

"ஏம்மா, ஐம்பது மீட்டர்ல பிரேக் போட்டாப் போதும்னு போன தடவையே சொன்னனே" என்றான்.

"ஐம்பதுல போட்டா பள்ளத்துல எறங்கித்தானுங் சார் நிக்கோணும்."

"அது வெளிய. இது தேர்வு. மத்தியானம் கடைசி வாய்ப்பு இருக்கு. இங்க இது கேக்கற மாதிரி ஓட்டிக் காட்டிட்டு, வெளிய போய் உன் இஷ்டத்துக்கு ஓட்டிக்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பூங்காவனம் தலைக்கவசத்தைக் கழற்றி அவன் மேஜையில் வைத்தாள். "கால் ஒண்ணுதானுங் சார். உள்ளுக்கு ஒரு கால், வெளிய ஒரு கால்னு கழட்டி மாட்ட முடியாது. இங்க ஐம்பதுன்னு பழகிட்டா, அங்க அவசரத்துக்கு அது ஐம்பதுலதான் எறங்கும். என்னைய கேட்டுட்டு எறங்காது. நான் இப்படி ஓட்ட மாட்டேன்."

"அப்ப வண்டி போயிரும்மா."

"போகட்டுமுங்க. ஆனா ஒண்ணு. இந்த ஊர்லயே பெரிய ஓட்டுநர் நீங்கதான். நீங்களே என்ற வண்டிய எடுத்து அந்த வளைவுல ஐம்பதுல நிறுத்திக் காட்டுங்க. நின்னுட்டா, சாவிய உங்க கையிலயே குடுத்துட்டு நடந்தே வந்தர்றேன்."

வரிசை மொத்தமும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது. சாம்பியன் என்ற பட்டம் இருக்கிறதே, அது பெரிய தொல்லை. முடியாது என்று சொல்ல வாய் வராது. இன்பசேகரன் காற்றுச்சட்டையை மாட்டிக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவிகைக்கு வெளியே வந்தான்.

கிளம்பும்போதே சக்கரங்கள் வெறுமனே சுற்றிப் புழுதியைக் கிளப்பின. "வண்டி லேட்டாக் கேக்குதே" என்று முனகினான். பக்கத்து இருக்கையில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கை, கொழு நெம்புகோலின் மேல் இருந்தது. பனிவண்டிகளின் அடியில் கலப்பைக் கொழு மாதிரி ஒரு இரும்பு மடங்கியிருக்கும். ஆபத்து என்றால் அதை இறக்கி மண்ணில் குத்தலாம். அவள் இதுவரை இரண்டே தடவைதான் இறக்கியிருக்கிறாள்.

எழுபது கிலோமீட்டர் வேகத்தில் சரிவு வந்தது.

"இப்பப் போடுங்க" என்றாள், இருநூறில்.

அவன் போடவில்லை. சாம்பியன் சிரிப்பு ஒன்று சிரித்தான். ஐம்பதில் அழுத்தினான். சக்கரங்கள் பன்னிரண்டும் கச்சிதமாக நின்றன. வண்டி மட்டும் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், ஊர்வலம் போவதுபோல, வளைவைக் கவனிக்காமல் நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இன்பசேகரன் பிரேக் மேல் எழுந்தே நின்றுவிட்டான். பூங்காவனம் நெம்புகோலை இழுத்தாள். கொழு மண்ணைக் கிழித்துக்கொண்டு முப்பது மீட்டர் போய் ஒருவழியாகப் பிடித்தது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கியது.

அவனுடைய முகக்கண்ணாடி முழுக்க மூச்சின் ஆவி. பிறகு, "இது சரியில்லைம்மா" என்றான்.

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒருவன் கண்ணாலாவது பார்த்துவிட்டானே என்று இருந்தது. "இதத்தானுங் சார் நானும் சொல்லீட்டிருந்தேன்."

"தரை சரியில்லைம்மா" என்றான் இன்பசேகரன். "இவ்வளவு மோசமா வெச்சிருக்காங்க. இந்த இடத்துல நல்லாப் பிடிக்குமே, நான் ஆயிரம் தடவை வந்திருக்கேன்."

பூங்காவனம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இறங்கச் சொல்லிவிட்டுத் தானே வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள்.

அவன் அறிக்கை எழுதினான். வாரியம் மூன்று நாள் கூடிப் பேசியது. நான்காம் நாள் பூங்காவனத்தைக் கூப்பிட்டு உத்தரவைப் படித்துக் காட்டினார்கள். நகருக்கு வெளியே உள்ள தரை தேர்வில் தோல்வியடைந்தது, அதன் மெய்ம்மை முப்பத்தொரு சதவீதமே. முதல் வகுப்பு உரிமதாரர்களின் அரிய திறமையை இத்தகைய தரமற்ற தரையில் வீணாக்க இயலாது. முறையாக ஓட்டத் தெரியாத பூங்காவனமும் மற்ற இரு ஓட்டுநர்களுமே அதற்குப் பொருத்தமானவர்கள் என்பதால், மூவருக்கும் சிறப்பு உரிமம் வழங்கப்படுகிறது. அட்டையின் குறுக்கே சிவப்பில் முத்திரை இருந்தது: 'மெய்ம்மையற்ற சாலைகளுக்கு மட்டும்.'

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே ஆத்திரம் வந்தது. "ஓட்டத் தெரியாதவள்னு எழுதியிருக்கறத அடிச்சுட்டுக் குடுங்க" என்று ஜன்னலில் நின்று சண்டை பிடித்தாள். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். பேனாவை வாங்கி உத்தரவிலிருந்த அந்த வரியைத் தானே அடித்துவிட்டு, அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பனி ஏற்றப் போய்விட்டாள்.

கொடுக்கு வளைவில் புதிதாக ஒரு பலகை நின்றது. 'எச்சரிக்கை. முன்னால் உள்ள தரையில் பிரேக் முறையாகப் பிடிக்காது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' விளையாட்டில் அளவெடுத்து, வளைவுக்குச் சரியாக ஐம்பது மீட்டர் முன்னால் நட்டிருந்தார்கள். வேகமாக வருகிறவன் அதைப் படித்து முடிக்கும்போது பள்ளத்தில் கிடப்பான். பூங்காவனம் வண்டியை நிறுத்தினாள், நடந்துபோய்ப் பலகையைப் பிடுங்கினாள், தோளில் போட்டுக்கொண்டு வந்து இருநூறாவது மீட்டரில் சம்மட்டியால் அடித்து இறக்கினாள்.

மறுநாள் வண்டி வானொலியில் இன்பசேகரன் கூப்பிட்டான். "ஏம்மா, பலகை இடம் மாறி நிக்குதாமே. செயற்கைக்கோள் எடுத்த புகைப்படத்தைப் பாத்துட்டு நம்ம ஊர்ல நாலாயிரம் பேர் புகார் எழுதியிருக்காங்க. நிஜமாவே இல்லைங்கறாங்க. பழைய இடத்துல வெச்சிரும்மா."

"மாட்டேனுங் சார். வேணும்கறவிய இங்க வந்து பிடுங்கி வெக்கட்டும். வர்றப்ப ஐம்பதுலயே பிரேக்கு போடச் சொல்லுங்க."

பலகை அங்கேயேதான் நிற்கிறது, யாரும் போகவில்லை. நாலாயிரம் பேரும் மறுபடி புகார் எழுதினார்கள், இந்தத் தடவை இன்னும் காட்டமாக. எல்லாரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, அன்று காலை அவள் கொண்டுவந்து இறக்கிய தண்ணீரில் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டேதான் எழுதினார்கள்.