சுமையறி சொன்ன காரணம்

இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம்.

மலையடிவாரச் சாவடியில் புங்கமரக் கிளையிலிருந்து தொங்கிய தராசு அந்த எண்ணைக் காட்டியதும் எல்லோரும் கை தட்டினார்கள். பூபதி அதை எதிர்பார்க்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். அவர்களுடைய கோவை மலைநடைக் குழுவில் இது ஒரு வழக்கம். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் முதுகுப்பையைத் தராசில் மாட்டிக் காட்ட வேண்டும். யாருடையது மிகக் குறைவோ அவர்தான் வரிசையில் முதல் ஆள். ஆறு வருடங்களாக அந்த இடத்தை பூபதி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கடைசியாக ஹெப்சிபா டீச்சரின் பை ஏறியது. குன்னூர்ப் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை, ஐம்பத்திரண்டு வயது. தராசு முள் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பதினொரு கிலோ முந்நூறில் போய் நின்றது.

"என்னங்க டீச்சர், வீட்டையே காலி பண்ணிட்டு வந்துட்டீங்களா?" என்றான் பூபதி.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

"நீங்களும் ஒரு சுமையறி வாங்கிடுங்க. நானே சொல்லிக் கொடுக்கறேன்."

"அதெல்லாம் எனக்கு ஒத்து வராதுங்க பூபதி. எனக்கு எல்லாம் கையில இருந்தாத்தான் தூக்கம் வரும்."

சுமையறி என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. கிளம்புவதற்கு முந்தின நாள் வேண்டிய சாமான்களையெல்லாம் தரையில் பரப்பிவிட்டு அதை மேலே காட்டினால் போதும். ஒவ்வொன்றாகப் பார்த்து 'எடு' என்றோ 'விடு' என்றோ சொல்லும். கணக்கு எளிது. இப்போது கடையில் விற்கும் சட்டை, போர்வை, காலுறை என எல்லாவற்றிலும் நெய்யும்போதே ஓர் இழைச்சில்லு சேர்ந்து வருகிறது; தீப்பெட்டி, மாத்திரை, உப்புப் பொட்டலத்தின் உறையிலும் உண்டு. அந்தப் பொருள் எத்தனை தடவை வெளியே வந்தது, எவர் உடம்பில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதை அது குறித்து வைத்துக்கொள்ளும். பழைய பயணக் குறிப்புகளையெல்லாம் படித்துவிட்டு, இந்தப் பயணத்தில் எது தேவைப்படாது என்று சுமையறி கணிக்கும். ஏன் 'விடு' என்று கேட்க ஒரு பொத்தான் உண்டு. அதை யாரும் அமுக்குவதில்லை. எடை குறைகிற சந்தோஷத்தில் காரணத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

பூபதி அதன் சொல்லுக்கு அப்படியே தலையாட்டுபவன். போன வருடம் மழையுறையை விடச் சொன்னது, விட்டான். பைக்குள் போடும் கனத்த உள்ளுறையை விடச் சொன்னது, விட்டான். நனையாமல் காக்கும் சாமான்கள் எல்லாம் போனதும் வெறும் பையின் எடை இருநூற்று எண்பது கிராமுக்கு இறங்கிவிட்டது. சட்டமில்லை, இடுப்புப் பட்டையில்லை, வெளிப்பை கிடையாது. "பயந்தவன்தான் பாரம் தூக்குவான்" என்று குழுக் கூட்டங்களில் அவன் பேசுவதைக் கேட்டு, இந்த வருடம் மற்ற நாலு பேரும் சுமையறி வாங்கியிருந்தார்கள். பல் டாக்டர் நூர்தீன்கூட மூன்று கிலோவுக்கு இறங்கி வந்திருந்தார். அது தன் சாதனை என்று பூபதி நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் பிற்பகல் புல்வெளி மேட்டில் மழை பிடித்தது. தூறல் என்றுதான் வானிலை சொல்லியிருந்தது. மூன்று மணி நேரம் கொட்டித் தீர்த்தது. பூபதியின் பைத்துணி நீரை உள்ளே விடாது, உண்மைதான். ஆனால் தோள்பட்டை தைத்த இடத்தில் தையல் ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் வழியாகத் தண்ணீர் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. முதுகு வழியே அது கசிவதை உணர்ந்தும் அவன் கவலைப்படவில்லை. எத்தனையோ மழையைப் பார்த்தாயிற்று, ஒரு தடவைகூட ஈரப் போர்வையில் படுத்ததில்லை. ஏன் படுத்ததில்லை என்று மட்டும் அவன் யோசித்ததேயில்லை.

தீக்காவலர்களுக்காகக் கட்டிய கல் கொட்டகைக்குள் ஆறு பேரும் ஒண்டினார்கள். பைகளைத் திறந்தால் ஐந்து பைகளிலும் எல்லாம் சொதசொதவென்று இருந்தது. பூபதியின் போர்வையைப் பிழிந்தபோது ஒரு செம்புத் தண்ணீர் கொட்டியது.

ஹெப்சிபா டீச்சர் தன் பையைத் திறந்தார். உள்ளே கனத்த உரச்சாக்கு ஒன்று இருந்தது. அதன் வாயை இரண்டு மடிப்பு மடித்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுகக் கட்டியிருந்தார். அவிழ்த்ததும் வெயிலில் காய வைத்து எடுத்த துணியின் வாசனை வந்தது. கம்பளி மேல்சட்டை, தடித்த காலுறைகள், இரண்டு போர்வை, துண்டுகள். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். டீச்சர் எடுத்து எடுத்துக் கொடுத்தார். பூபதிக்கு ஒரு போர்வையும் காலுறையும் கிடைத்தன. காலுறை அளவெடுத்தது போலப் பொருந்தியது.

அரைமணி நேரம் பேச்சும் சிரிப்புமாகப் போயிற்று. டீச்சர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நூர்தீன் அவரிடம் ஏதோ கேட்டார். பதில் குழறலாக வந்தது.

"டீச்சர், உங்க பேரச் சொல்லுங்க."

அவர் சொல்ல முயன்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை. மழையில் நனைந்த அதே சட்டையோடுதான் இத்தனை நேரமும் உட்கார்ந்திருந்தார்.

"குளிர் உள்ளுக்குள்ள போயிடுச்சு," என்றார் நூர்தீன். "காஞ்ச துணி வேணும், உடனே. டீச்சர் பையில என்ன மிச்சம்?"

ஒன்றும் மிச்சமில்லை. உரச்சாக்கு காலியாகக் கிடந்தது. ஒவ்வொருவரும் தன்னைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேர் உடம்பிலும் டீச்சரின் உடைமை இருந்தது.

பூபதி போர்வையைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. அந்த நேரத்தில் அவன் மனதில் ஓடியது இதுதான்: நூர்தீனிடம் கம்பளியும் துண்டும் இரண்டும் இருக்கிறதே, அவர் ஒன்றைத் தரலாமே. கதவோரம் நிற்பவன் இளைஞன்தானே, அவன் தரலாமே. யாராவது தருவார்கள். இப்படி நினைத்தபடியே போர்வையின் ஓரத்தை அவன் கழுத்தோடு இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டான். நூர்தீன் கம்பளியைக் கழற்றினார். அடுத்தவர் காலுறையைக் கழற்றினார். எல்லோரும் கொடுத்து முடித்த பிறகு, ஐந்தாவது ஆளாக பூபதி போர்வையை நீட்டினான்.

டீச்சருக்கு உயிர் வந்தது. அடுப்பு மூட்டி வெந்நீர் கொடுத்து, இரு பக்கமும் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்து சூடேற்றி, ஒரு மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது.

"உங்களுது ஏன் மழையுறையை விடுன்னுச்சு?" என்றார் நூர்தீன், பூபதியின் சுமையறியைப் பார்த்து. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "கேட்டுப் பாருங்களேன்."

பூபதிக்கு மறுக்க வழியில்லை. பொத்தானை அமுக்கினான். சுமையறி சன்னமான, மரியாதையான குரலில் ஆரம்பித்தது.

"மழையுறை, விடு. காரணம்: பை நனைந்தாலும் உங்களுக்குப் பாதிப்பில்லை. உலர்ந்த பொருளை ஹெப்சிபா தருவார். வாய்ப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. கம்பளிச் சட்டை, விடு. காரணம்: ஹெப்சிபா தருவார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. மாற்றுக் காலுறை, விடு. காரணம்: ஹெப்சிபா தருவார்."

அவன் நிறுத்தும் பொத்தானைத் தேடினான். அது விடாமல் படித்துக்கொண்டே போனது. தீப்பெட்டி, ஹெப்சிபா. தலைவலி மாத்திரை, ஹெப்சிபா. உப்பு, ஹெப்சிபா. ஆறு வருடமாக அவனுக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு கிராமும் அந்த அம்மாளின் முதுகில்தான் இருந்திருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது பூபதிக்கு.

மற்ற நாலு பேரும் தங்கள் சுமையறிகளைச் சத்தமில்லாமல் பைக்குள் தள்ளினார்கள். அவற்றைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஐந்து கருவிகளும் தனித்தனியாக ஒரே ஆளை நம்பிக் கணக்குப் போட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் கணக்கும் சரி. போன வருடம் வரை பழைய கனத்த பைக்காரர்கள் நாலு பேர் இருந்ததால் சமாளிக்க முடிந்தது. அவர்களையும் இளைக்க வைத்தது பூபதிதான்.

"டீச்சர்..." என்று தொடங்கினான்.

"அட, விடுங்க பூபதி," என்றார் அவர் வெந்நீரை ஊதியபடி. "எனக்குத் தெரியாதுங்களா? அதனாலதான் பத்தாம் நம்பர் காலுறை எடுத்துட்டு வந்தேன். எனக்கு ஆறு நம்பருங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று பூபதிக்குத் தோன்றியது.

நெஞ்சில் சளி கட்டி டீச்சர் மூன்று வாரம் படுத்திருந்தார். நாலு மாதம் கழித்து அடுத்த நடைக்கு, "வர்றேன்" என்று மட்டும் செய்தி அனுப்பினார்.

அன்று பூபதி தரையில் சாமான்களைப் பரப்பினான். தனக்கு வேண்டியதோடு, ஆறாம் நம்பர் காலுறை, டீச்சர் அளவில் கம்பளி, உபரியாக ஒரு போர்வை, அத்தனையையும் போட்டுக் கட்ட ஒரு கனத்த சாக்கு. பழக்கதோஷத்தில் சுமையறியை மேலே காட்டினான்.

"விடு," என்றது, அந்த நாலையும் பார்த்து.

அவனுக்குக் கோபம் வந்தது. காரணப் பொத்தானை அமுக்கினான்.

"காரணம்: இவற்றை நீங்கள் கொடுக்கமாட்டீர்கள். சென்ற முறை மற்றவர்கள் கொடுக்கத் தொடங்கிய பிறகும் உங்கள் உடலிலிருந்து போர்வை விலக நான்கு நிமிடம் பத்து நொடி ஆனது. அதற்குள் வேறொருவர் கொடுத்துவிடுவார். நூற்றுக்கு எண்பத்தொன்பது."

பூபதி அந்தச் சின்னக் கருவியின் முன்னால் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். நான் மாறிவிட்டேன் என்று அதனிடம் சொல்லிப் பார்த்தான். சொல்வதை அது கணக்கில் சேர்ப்பதில்லை. நனைந்த ஒருவர் உடம்பின் மேல் அவன் போர்வை போய் விழுந்தால்தான் எண் மாறும்.

எல்லாவற்றையும் பெரிய பை ஒன்றில் திணித்துக்கொண்டு போனான். தராசில் ஒன்பது கிலோ காட்டியது. யாரும் கை தட்டவில்லை, கிண்டலும் செய்யவில்லை. டீச்சரின் பை ஐந்து கிலோதான் இருந்தது. இந்த முறை தனக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவந்திருந்தார்.

அந்த நடையில் மழை இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதில் ஒரு தூறல் வந்தது. டீச்சர் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் பூபதி சாக்கைக் கட்டு பிரிக்காமல் சுமையறியிடம் காட்டினான். தொண்ணூறு ஆயிற்று. அப்புறம் தொண்ணூற்றொன்று. பிறகு தொண்ணூற்றிரண்டு. தூக்கிப் போய்க் கொடுக்காமல் கொண்டுவந்ததையும் அது கொடுக்காத கணக்கில்தான் சேர்த்தது.

நான்காவது நடையில் மேற்கே மேகம் திரண்டு வந்தது. பூபதியின் நடை தானாகவே சுறுசுறுப்பானது. நல்ல மழையாக வரட்டும், டீச்சர் வழுக்கி ஓடையில் விழுந்து மாற்றுத்துணிகூட நனையட்டும், பக்கத்தில் நான் மட்டும் இருக்கட்டும் என்று மனம் பாட்டுக்கு வேண்டிக்கொண்டே போனது. பத்தடி போன பிறகுதான், தான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

"என்னங்க பூபதி, மேலயே பாத்துட்டு வர்றீங்க?" என்றார் பின்னால் வந்த டீச்சர். "மழை வருமுங்களா?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"தெரியலீங்க டீச்சர்," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி அவரை முன்னால் போகச் சொன்னான்.