இணைப்பில் பழுதில்லை

ஞாயிறு காலை வழக்கம்போலச் சோதனை நடந்தது. காவல் இயந்திரம் தில்லைநாயகத்தின் சட்டைப்பை, காலுறை, காதுமடல் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, “செல்பேசி இல்லை, நன்றி” என்று அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. நிலாவின் மறுபக்கத்தில் சாராயம் காய்ச்சினால்கூட எச்சரித்து விட்டுவிடுவார்கள். கம்பியில்லாக் கருவி வைத்திருந்தால் ஆறு மாதம் உள்ளே.

காரணம் செவிவயல். பூமியின் இரைச்சல் எட்டாத அந்தப் பக்கத்தில் நாற்பதாயிரம் அலைவாங்கிகளை நட்டு, பிரபஞ்சம் பிறந்தபோது போட்ட முனகலை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு செல்பேசி சிணுங்கினால் போதும், முனகல் அமுங்கிவிடும். ஆகவே அங்கே எல்லாம் கம்பிதான். வீட்டுக்கு ஒரு மேசைக் கணினி, அதன் முதுகில் ஒரு நீலக் கம்பி, கம்பி செருகும் இடத்தில் ஒரு பச்சை விளக்கு. அலைவாங்கிகளைத் தூசி தட்டும் பிரிவின் மேற்பார்வையாளரான தில்லைநாயகத்துக்கு இப்போது அந்த விளக்குதான் ஜென்ம விரோதி.

ஐந்து வருடம் பேசாமலிருந்த மகள் பூங்கோதை, மூன்று வாரமாகத்தான் தஞ்சாவூரிலிருந்து கூப்பிடுகிறாள். ஞாயிறு மாலை ஐந்து மணி. சாப்பாடு, தூக்கம், முழங்கால் வலி எல்லாம் விசாரிப்பாள். பிறகு அந்த ஒரு கேள்வியைக் கேட்பாள். உடனே விளக்கு அணையும், திரை கறுக்கும். பத்து நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி எரியும்.

போன வாரம் மடல் அனுப்பிவிட்டாள். “அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கும் இப்படித்தான் ‘ஹலோ, ஹலோ, கேக்கலையே’ன்னு வெச்சிட்டீங்க. அம்மா பிழைச்சு வந்துட்டாங்க. நான்தான் இன்னும் அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுலயே நிக்கிறேன். இந்த ஞாயிறும் லைன் கட்டானா இனிமே கூப்பிட மாட்டேன்.”

அன்றைக்குச் சொன்னது பொய். அது அவருக்கே தெரியும். ஆனால் இன்றைக்கு நிஜமாகவே கட்டாகிறதே, அதை எந்தக் கோயிலில் போய்ச் சத்தியம் செய்வது?

உதவி மையத்தை அழைத்தார்.

“கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா, ஐயா?” என்றது இனிய குரல்.

“பதினேழு தடவை!”

“பதினெட்டாவது முறை முயன்று பார்க்கலாமா, ஐயா?”

மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். நிலாவில் கோபப்படுவது லேசுப்பட்ட காரியமல்ல. மேசை அசையவில்லை. அவர்தான் நிதானமாக மேலே போய், கூரையில் மண்டையை இடித்துக்கொண்டு, வாயிலிருந்த வசவெல்லாம் தீர்ந்த பிறகு தரைக்கு வந்து சேர்ந்தார்.

மூன்றரை மணிக்குப் பழுது பார்க்கும் ரெஜினா வந்தாள். நாகர்கோவில்காரி. இடுப்பில் கருவிப்பை, வாயில் பாக்கு. தில்லைநாயகம் அவள்மேல் பாய்ந்தார்.

“கம்பிய மாத்தியாச்சு. கம்பி செருகுற துளைய மாத்தியாச்சு. கணினிக்குள்ள இருக்குற வலை அட்டையையும் மாத்தியாச்சு. இன்னும் மாத்தாதது என்னை மட்டுந்தான்!”

“சத்தம் போடாதீங்க அண்ணாச்சி, கூரை தாங்காது.” கம்பியின் இரு முனையிலும் மானியை மாட்டிப் பார்த்தாள். தாழ்வாரத்துப் பகிர்வுப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சுத்தம். “படம் பாக்கும்போது லைன் போவுமா?”

“இல்ல.”

“சீட்டு ஆடும்போது?”

“ஒருநாளும் போனதில்ல.”

“பின்ன எப்பம்லாம் போவும்?”

“மக கூப்பிடும்போது. அப்புறம்... மேலதிகாரி கூப்பிடும்போது.” சற்றுத் தயங்கினார். “அதை நான் புகாரா எழுதல.”

ரெஜினா மெல்லுவதை நிறுத்தினாள். கணினியில் நடப்பதெல்லாம் பதிவாகும் நிகழ்வேட்டைத் திறந்து, கீழே கீழே போனாள்.

“குறிப்பறிவி போட்டிருக்கீங்களா?”

கேட்காமலே நம் மனதறிந்து வேலை செய்யும் மென்பொருள் அது. நிலாவுக்கு வந்த அன்று, பூமியில் அவர் பத்தாண்டு செல்பேசியில் பேசிய பேச்சையெல்லாம் அது பாடமாகப் படித்துக்கொள்ளச் சம்மதம் கேட்டிருந்தது. நாற்பத்திரண்டு பக்க நிபந்தனை. தில்லைநாயகம் எல்லோரையும்போல நேராகக் கடைசிக்குப் போய் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தியிருந்தார்.

ரெஜினா வாசித்தாள். “‘சங்கடமான கேள்வி. பயனரின் மூச்சு மாறுகிறது. அவரது வழக்கப்படி, பழுது போலவே தோன்றுமாறு இணைப்பு அணைக்கப்பட்டது. பின்னர் பயனர் கம்பியைத் திட்டினார். இம்முறை நடிப்பு மிகவும் தத்ரூபம்.’”

தில்லைநாயகத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. திரையைப் பார்த்து விரலை நீட்டினார். “உன்னை எவன்டா கேட்டான்?”

“கேட்காமலே செய்வதுதான் என் வேலை, ஐயா,” என்றது குறிப்பறிவி.

ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைக் கணினியிலிருந்தே அழித்து எறிந்தாள். வாசலில் நின்று, “இனி லைன் உங்க கையில அண்ணாச்சி. என்னைக் கூப்பிடாண்டாம்,” என்று சொல்லிவிட்டுத் துள்ளித் துள்ளிப் போனாள்.

ஐந்து மணிக்குப் பூங்கோதை திரையில் வந்தாள். சாப்பாடு. தூக்கம். முழங்கால்.

“அப்பா, ஆபரேஷன் அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

தில்லைநாயகம் விளக்கைப் பார்த்தார். கொஞ்சமும் இரக்கமில்லாமல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவர் சொல்லாமலே வாய் சொல்லிற்று:

“ஹலோ... ஹலோ... பூங்கோதை, கேக்கலையேம்மா...”

நிலாவிலிருந்து பேச்சு போய்ப் பதில் திரும்ப மூன்று நொடி.

“அப்பா, நீங்க எச்சில் முழுங்குற சத்தம்கூட எனக்குக் கேக்குது.”

அவருடைய வலது கை கணினியின் முதுகுப்பக்கம் போயிருந்தது. விரல்கள் நீலக் கம்பியைப் பற்றியிருந்தன. ஒரே ஒரு இழுப்பு. கூரை அதிரக் கத்தியதெல்லாம் யாரைப் பார்த்து என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

“கீழதாம்மா இருந்தேன்,” என்றார். “ஆஸ்பத்திரி வண்டி ஸ்டாண்டுல. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும். மாடி ஏறி வர பயமா இருந்துச்சு. உங்கிட்ட அதச் சொல்ல அதைவிடப் பயம்.”

பதில் வருகிறவரை, கம்பி கழன்றுவிடக் கூடாதே என்று, அதைச் செருகிய இடத்தில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.