டில்லி ரயிலின் ஜன்னல்கள்

ராயபுரத்தில் வெயிலுக்குப் பயப்படுகிற ஆளே கிடையாது. ஆலிஸ் ஒருத்தி மட்டும் பயந்தாள். அதுவும் ராயபுரத்து வெயிலுக்கு அல்ல, டில்லி வெயிலுக்கு!

அவள் டில்லியைப் பார்த்ததே இல்லை. பிறகு எதற்குப் பயம் என்று கேட்பீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் அவள் மடியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தது. தம்பி ஸ்டானி. ஸ்டானிஸ்லாஸ் என்றுதான் கோயிலில் பெயர் வைத்தார்கள். மூன்று வயதுப் பையனுக்கு இவ்வளவு நீளம் எதற்கு என்று தெருவே சேர்ந்து சுருக்கிவிட்டது.

ஸ்டானிக்கு இழுப்பு உண்டு. வந்துவிட்டால் மூச்சுக்காகத் தவியாய்த் தவிப்பான். உதடு நீலமாகிவிடும். போன மழைக்காலத்தில் அப்படி வந்தபோது அம்மா இருதயம்மாள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பின்னாலேயே ஓடிய ஆலிஸுக்கு அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நைனா கஸ்பார் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார். பெரம்பூர் பட்டறையில் ரயில் பெட்டிகளுக்குக் கதவும் ஜன்னலும் செய்கிற தச்சர் அவர்.

"லீவு சொல்லிட்டேன். மே மாசம் ரயில்வே பாஸ் வாங்கிகினு எல்லாரும் டில்லிக்குப் போறோம்!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். டில்லியில் அவளுடைய அக்கா ஆரோக்கியமேரி இருக்கிறாள். தாயில்லாத இருதயம்மாளை வளர்த்து ஆளாக்கியவள். ஸ்டானி பிறந்ததிலிருந்து இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

"நெஜமாவா சொல்றீங்க?" என்று கேட்கும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கியது.

ஆலிஸும் குதித்துக்கொண்டு போய்த் தோழி குணசுந்தரியிடம் சொன்னாள். குணசுந்தரி கண்ணை உருட்டினாள்.

"மே மாசமா? ஐயோ! அங்க காக்கா பறந்துகினே கீழ வுழுந்து செத்துடுமாம். எங்க சித்தப்பா சொன்னாரு."

காக்காவுக்கே அந்தக் கதி என்றால் ஸ்டானி என்ன ஆவான்? ஆலிஸ் நேரே நைனாவிடம் ஓடினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மெட்ராஸ்காரனுக்கு வெயிலு காட்றானா டில்லிக்காரன்? நாம வெறுங்காலோட தார் ரோட்டுல நடக்கிற ஆளுங்கம்மா!"

"நமக்கு மத்தியானம் ஆனா கடல் காத்து வருதே நைனா. டில்லில கடல் கீதா?"

"கடல் ஏது? ஆறு கீது."

"ஆத்துக் காத்து போதுமா?"

பதில் தெரியாதபோது பெரியவர்கள் சொல்வதையே நைனாவும் சொன்னார். "போய்ப் படி."

படிப்பில் மனம் எப்படிப் போகும்? மறுநாள் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனபோதும் அதே யோசனைதான். கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. மீன் எடுக்க நின்ற மீன்காரி மங்கம்மா, கரையேறியவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள காத்து பேஜாரா கீது. இன்னிக்கு மீன் வராது" என்றாள். அவள் கடல் பக்கமே திரும்பவில்லை. அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான். கடலிலிருந்து வருகிறவன் முகம் போதும் அவர்களுக்கு.

ஆலிஸ் சட்டென்று நின்றாள். டில்லியிலிருந்தும் தினமும் ஆட்கள் வருகிறார்களே!

"நைனா, டில்லி ரயில் எப்படி கீதுன்னு பாக்கணும்" என்று அரித்தெடுத்தாள். நைனாவுக்குத் தன் ரயிலைக் காட்டுவதென்றால் கசக்குமா? ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலுக்குக் கூட்டிப்போனார்.

ரயில் வந்து நின்றது. பெட்டிகளின் ஜன்னல் பலகைகள் எல்லாம் இறுக்கி மூடியிருந்தன.

"பாத்தியா, இத்தனூண்டு இடுக்கு இல்லாம மூடிகினு கீது. பெரம்பூர் வேலைன்னா வேலை!" என்று நைனா ஒரு ஜன்னலைத் தட்டிக் கொடுத்தார்.

ஆலிஸ் இறங்குகிறவர்களைப் பார்த்தாள். தலையையும் காதையும் துண்டால் சுற்றியிருந்தார்கள். கண்கள் சிவந்து, உதடுகள் வெடித்திருந்தன. எல்லோரும் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினார்கள்.

கடைசியாக ஓர் அம்மாள் இறங்கினாள். அவள் தோளில் ஒரு சின்னப் பையன் துவண்டு கிடந்தான். ஸ்டானி வயதுதான் இருக்கும். அவள் நாலு அடி நடந்து, கால் தளர்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பானீ, பானீ" என்று அழுதாள்.

ஆலிஸ் ஓரடி பின்வாங்கினாள். ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தை அவளுக்குத் தெரியும். தெருக்கோடி அத்தாவுல்லா பாய் வீட்டில் கேட்டிருக்கிறாள்.

"நைனா, தண்ணி! சீக்கிரம் தண்ணி கொண்டா!"

நைனா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அந்த அம்மாளின் கூஜாவில் தண்ணீர் பிடித்து வந்தார். ஆலிஸ் தன் தாவணியை நனைத்துப் பையனின் நெற்றியிலும் நெஞ்சிலும் வைத்தாள். முந்தானையால் விசிறினாள். கை வலித்தது, விடவில்லை. 'கண்ணைத் திற, கண்ணைத் திற' என்று மனம் அடித்துக்கொண்டது.

பையன் மெல்லக் கண்ணைத் திறந்தான். இரண்டு வாய் தண்ணீர் குடித்தான். அவன் தாய் ஆலிஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற பயணி ஒருவர், "நாக்பூர் தாண்டுற வரைக்கும் வீசினது காத்தில்ல சார், நெருப்பு" என்றார்.

வீட்டு வாசலில் நின்று நைனா சொன்னார். "டில்லி வேணாம்."

ஆலிஸுக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடமே அம்மா முகத்தைப் பார்த்தாள், வந்த உயிர் மறுபடி போய்விட்டது. அம்மா உள்ளே போய், அக்காவுக்காக வாங்கி வைத்த சேலையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஸ்டானிக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. அம்மாவும் அக்காவைப் பார்க்க வேண்டும். வருஷத்தில் ஒரு நல்ல மாதம்கூடவா இருக்காது?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் டில்லி ரயில் சிக்னலுக்காக நிற்கும். ஆலிஸும் குணசுந்தரியும் சனிக்கிழமைதோறும் அங்கே போய் நின்றார்கள். ஆடி மாதத்தில் பெட்டிகள் ஜன்னல்வரை சேறு தெறித்து வந்தன. ஒரு சனிக்கிழமை ரயில் வரவே இல்லை. ஆற்று வெள்ளம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிட்டதாம். ஆலிஸ் குணசுந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ரயிலில் நாம் இருந்திருந்தால்?

"நீங்க டில்லிக்கே போவ முடியாது போல" என்றாள் குணசுந்தரி.

"வாய மூடு!" என்றாள் ஆலிஸ். அவளுக்கும் அதே பயம்தான்.

புரட்டாசி பிறந்தது. அந்தச் சனிக்கிழமை ரயில் வந்து நின்றபோது ஆலிஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. ஒரு தாய் தன் மகளுக்கு நிதானமாகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை கையை வெளியே நீட்டி டாட்டா காட்டியது.

அடுத்த வாரம் நைனாவையே இழுத்துப் போனாள். அவர் வழக்கம்போல் பெட்டிகளைத்தான் முதலில் பார்த்தார். பிறகு அதற்குள்ளிருந்த முகங்களைப் பார்த்தார்.

"பூஜா லீவுல போலாம் நைனா. அப்புறம் நம்ம ஊர்ல மழ வந்துடும், அங்க குளுரு வந்துடும்" என்றாள் ஆலிஸ்.

நைனா தலையைச் சொறிந்தார். "இத்தினி வருசமா ஜன்னல் செய்யறேன். ஜன்னலுக்குள்ள இன்னா கீதுன்னு பாத்ததில்லையே" என்றார். மறுநாளே பாஸுக்கு எழுதிக் கொடுத்தார்.

ரயில் ஏறியும் ஆலிஸின் பயம் இறங்கவில்லை. ஸ்டானி தும்மினால் நிமிர்ந்தாள், கொட்டாவி விட்டால் எழுந்தாள். நாக்பூர் தாண்டியதும் அவன் திடீரென்று இருமத் தொடங்கினான். முகம் சிவந்தது, கண்ணில் நீர் வந்தது. ஆலிஸ் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினாள். ஐயோ, நான்தானே இந்த மாதத்தைச் சொன்னேன்! நான்தானே!

ஸ்டானி பெரிதாக ஓர் இருமல் இருமினான். வாயிலிருந்து ஒரு வேர்க்கடலை வந்து விழுந்தது.

"திருட்டுப் பயலே! பொட்டலத்த எப்படா பிரிச்ச?" என்றார் நைனா. அம்மா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆலிஸ் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

டில்லியில் இறங்கியபோது இதமான வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து ஆரோக்கியமேரி பெரியம்மா ஓடிவந்தாள். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுததில், நைனா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ரயில் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பெரியம்மா ஸ்டானியை வாரித் தூக்கிக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆள் தூக்கினால் அவன் சும்மா இருப்பானா? வீல் என்று கத்தினான். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. பெரியம்மா பதறிப்போய், "அழாதடா ராசா, அழாதடா!" என்று கெஞ்சினாள்.

ஆலிஸ் தம்பியின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள்.

"அழட்டும் வுடுங்க பெரியம்மா" என்றாள். "எவ்ளோ நல்லா மூச்சு வுடறான் பாருங்க!"